ஜெர்மனியில் படிக்கும்போது எந்தக் கதவைத் தட்டுவது? மாணவர் உதவிச் சேவைகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் எங்கள் விடுதிச் சமையலறையில் சாம்பார் கொதித்துக்கொண்டிருந்தது. ஒரு ஜூனியர் கையில் கடிதத்தோடு வந்து நின்றான். "அண்ணா, இது என்ன லெட்டர்னு கொஞ்சம் பாருங்களேன்."

தேர்வு அலுவலகத்திலிருந்து வந்த மூன்று பக்கக் கடிதம் அது. காய்ச்சலில் படுத்து அவன் எழுதாமல் விட்ட தேர்வுக்கு மருத்துவச் சான்று தாமதமாக வந்ததாம். அதை ஏற்க முடியாதாம், தேர்வில் தோல்வி என்றே கணக்காம். அது அவனுக்கு மூன்றாவது வாய்ப்பு, கடைசி வாய்ப்பும்கூட. முடிவில் சின்னதாக ஒரு பத்தி: ஆட்சேபம் இருந்தால் ஒரு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்கலாம். கடிதம் வந்து 26 நாள் ஆகியிருந்தது.

அந்த 26 நாளும் அவன் சும்மா இருக்கவில்லை. வாட்ஸ்அப் குழுவில் கேட்டுக்கொண்டேதான் இருந்தான். "ஒண்ணும் ஆகாது" என்றார் ஒரு சீனியர். "வேற யூனிவர்சிட்டிக்கு மாறிடு" என்றார் இன்னொருவர். அவன் தினமும் மதியம் சாப்பிடும் உணவகத்துக்கு மேல்மாடியில், வாரம் ஒருநாள் மாணவர்களுக்கு இலவசமாக ஆலோசனை சொல்ல ஒரு வழக்கறிஞர் வந்து உட்காருகிறார் என்பதை மட்டும் யாரும் சொல்லவில்லை.

ஜெர்மனியில் உதவி நிறைய இருக்கிறது. ஆனால் அது நம்மைத் தேடி வராது. நாம் போய்க் கேட்க வேண்டும், சரியான கதவில், தேதி முடிவதற்குள். 2023-24 குளிர்காலப் பருவத்தில் அங்கே படித்த இந்திய மாணவர்கள் ஏறத்தாழ 49,000 பேர். வெளிநாட்டு மாணவர்களில் நாம்தான் இப்போது முதலிடம். இத்தனை பேர் இருந்தும் ஒவ்வொரு வருடமும் புதிதாக வருகிறவர்கள் அதே சுவரில்தான் முட்டிக்கொள்கிறார்கள்.

முதலில்: யார் எந்த வேலைக்கு?

ஊரில் கல்லூரி அலுவலகம் என்றால் எல்லாம் ஒரே கட்டடம். கட்டணம், ஹாஸ்டல், சான்றிதழ் எல்லாவற்றுக்கும் ஒரே வரிசை. ஜெர்மனியில் அப்படி இல்லை. உங்களுக்கு உதவுகிறவர்கள் நான்கு தனித்தனி அமைப்புகள். ஒன்றின் வேலை மற்றொன்றுக்குத் தெரியாது.

முதலாவது பல்கலைக்கழகம். இதில் வெளிநாட்டு மாணவர்களைக் கவனிப்பது இன்டர்நேஷனல் ஆபீஸ். பாடம் பற்றிய சந்தேகத்துக்குத் துறையிலேயே ஓர் ஆலோசகர் இருப்பார். தேர்வுப் பதிவு, சான்று, மதிப்பெண் எல்லாம் தேர்வு அலுவலகம். அங்கே அதை ப்ரூஃபுங்ஸாம்ட் என்பார்கள்.

இரண்டாவது ஸ்டூடிரெண்டன்வெர்க். பெயர் வாயில் நுழையக் கொஞ்ச நாளாகும், ஆனால் நான்கிலும் உங்கள் அன்றாட வாழ்க்கைக்கு மிக நெருக்கமானது இதுதான். முதல் உலகப்போருக்குப் பிறகு மாணவர்கள் பசியில் வாடிய காலத்தில், 1920களின் தொடக்கத்தில், மாணவர்கள் தாங்களே ஏற்படுத்திக்கொண்ட உதவி அமைப்புகளிலிருந்து வளர்ந்தது. இன்று நாடு முழுக்க 57 ஸ்டூடிரெண்டன்வெர்க்குகள் இருக்கின்றன. விடுதி, மென்ஸா என்கிற மாணவர் உணவகம், மனநல ஆலோசனை, சமூக ஆலோசனை எல்லாம் இவர்கள் பொறுப்பு. இது பல்கலைக்கழகத்தின் ஒரு பிரிவு இல்லை. விடுதி அறை பற்றி பல்கலைக்கழகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு மூன்று வாரம் காத்திருப்பவர்கள் தவறுவது இங்கேதான்.

மூன்றாவது மாணவர் பேரவை. பல மாநிலங்களில் ஆஸ்டா என்றும், கிழக்கு மாநிலங்களில் ஸ்டூரா என்றும் பெயர். நம்மூர் மாணவர் சங்கத்தைக் கற்பனை செய்துகொண்டு ஒதுங்கிப் போகாதீர்கள். இவர்களுக்குத் தனி நிதி, அலுவலகம், ஆலோசனை நேரம் எல்லாம் உண்டு. அந்த இலவச வழக்கறிஞர் பெரும்பாலும் இவர்கள் ஏற்பாடுதான். துறை அளவில் இருக்கிற மாணவர் குழுவுக்கு ஃபாக்ஷாஃப்ட் என்று பெயர்; பழைய வினாத்தாள் வேண்டுமென்றால் அங்கே போங்கள்.

நான்காவது, நம்மவர்கள் எட்டிக்கூடப் பார்க்காத கதவு: தேவாலயங்களின் மாணவர் சமூகங்கள். கத்தோலிக்கர் நடத்துவது கே.ஹா.கே., புராட்டஸ்டன்ட்டுகள் நடத்துவது ஈ.எஸ்.கே. "நமக்கும் சர்ச்சுக்கும் என்ன?" என்று நானும் நினைத்தவன்தான். பணப் பகுதியில் இவர்களைப் பற்றிச் சொல்கிறேன்.

இவற்றில் ஸ்டூடிரெண்டன்வெர்க்குக்கும், பெரும்பாலான மாநிலங்களில் பேரவைக்கும் நீங்கள் ஏற்கெனவே பணம் கட்டியிருக்கிறீர்கள். ஒவ்வொரு பருவமும் கட்டும் செமஸ்டர் தொகையில் அவர்கள் பங்கும் இருக்கிறது. ஆகவே போய்க் கேட்பது யாசகம் இல்லை.

படி 1: விமானம் ஏறுமுன்

சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே, விசாவுக்குக் காத்திராமல், ஸ்டூடிரெண்டன்வெர்க் இணையதளத்தில் விடுதிக்கு விண்ணப்பியுங்கள். மியூனிக் போன்ற நகரங்களில் காத்திருப்பு பருவக் கணக்கில் நீளும். கிழக்கில் சிறிய நகரங்களில் சீக்கிரம் கிடைக்கும், வாடகையும் குறைவு.

விடுதி கிடைக்காத பதற்றத்தைத்தான் மோசடிக்காரர்கள் குறிவைக்கிறார்கள். "நான் இப்போது வெளிநாட்டில் இருக்கிறேன், முன்பணம் அனுப்பினால் சாவியைக் கூரியரில் அனுப்புகிறேன்" என்று வீட்டுக்காரர் எழுதினால் அத்தோடு பேச்சை முடித்துக்கொள்ளுங்கள். வீட்டையோ ஆளையோ பார்க்காமல் பணம் அனுப்பக் கூடாது. தற்காலிக இடம் வேண்டுமென்று இன்டர்நேஷனல் ஆபீஸுக்கு எழுதிக் கேளுங்கள். பல இடங்களில் முதல் சில வாரங்களுக்கு வழி சொல்வார்கள். பழைய மாணவர் ஒருவரைத் துணைக்கு இணைத்துவிடும் 'பட்டி' (buddy) திட்டத்துக்கும் அப்போதே பெயர் கொடுத்துவிடுங்கள். ரயில் நிலையத்துக்கே வந்து கூட்டிப்போகிற நல்ல உள்ளங்கள் அதில் உண்டு.

படி 2: முதல் இரண்டு வாரம்

முதல் வேலை அஞ்சல் பெட்டியில் உங்கள் பெயரை ஒட்டுவது. சிரிக்காதீர்கள். அங்கே கதவு எண்ணைப் பார்த்துக் கடிதம் போடும் வழக்கம் இல்லை, பெயரைத்தான் பார்ப்பார்கள். பெட்டியில் பெயர் இல்லையென்றால் வங்கி அட்டை, காப்பீட்டு எண், குடியேற்ற அலுவலகக் கடிதம் எல்லாம் வந்த வழியே திரும்பிப் போய்விடும்.

அடுத்தது முகவரிப் பதிவு, அன்மெல்டுங். குடிபோன இரண்டு வாரத்துக்குள் நகர அலுவலகத்தில் பதிய வேண்டும் என்பது சட்டம். வீட்டுக்காரர் அல்லது விடுதி கையெழுத்திட்டுத் தரும் குடியிருப்புச் சான்று தேவை. சந்திப்பு நேரம் கிடைப்பதே சில நகரங்களில் பெரும்பாடு. இரண்டு வாரத்துக்குள் கிடைக்காவிட்டாலும் நீங்கள் முயன்றதற்கான பதிவை வைத்துக்கொள்ளுங்கள்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் சேரவே முடியாது. 30 வயதுக்குட்பட்டவர்களுக்கு அரசுசார் காப்பீட்டு நிறுவனங்கள் மாணவர் கட்டணத்தில் சேர்த்துக்கொள்ளும். மாதம் சுமார் 140 முதல் 150 யூரோ. மலிவாக இருக்கிறதே என்று தனியார் காப்பீட்டுக்குப் போகிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அரசுசார் காப்பீடு வேண்டாமென்று ஒருமுறை விலக்குப் பெற்றுவிட்டால், படிப்பு முடியும்வரை மாணவராக அதற்குள் திரும்ப முடியாது. கையெழுத்துப் போடுமுன் ஸ்டூடிரெண்டன்வெர்க்கின் சமூக ஆலோசகரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அவர்கள் பாலிசி விற்கிறவர்கள் இல்லை.

ஒன்றிரண்டு மாதத்தில் ஒலிபரப்புக் கட்டணம் கேட்டு ஒரு கடிதம் வரும். "என்னிடம் டிவியே இல்லை" என்று தூக்கிப் போடாதீர்கள். டிவி இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரு வீட்டுக்கு மாதம் 18.36 யூரோ. பகிர்ந்து வாழும் வீட்டில் ஒருவர் கட்டினால் போதும், மற்றவர்கள் அவர் எண்ணைக் குறிப்பிட்டுப் பதில் எழுதலாம். பதிலே எழுதாவிட்டால் பாக்கி ஏறிக்கொண்டே போகும்.

படி 3: பாடம், மொழி, எழுத்து

இதில் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மொழி மையத்தில் ஜெர்மன் வகுப்பு இலவசமாகவோ சிறு தொகைக்கோ கிடைக்கும்; பதிவு திறந்த அன்றே இடம் தீர்ந்துவிடும். பேராசிரியரைப் பார்க்க அவருடைய ஆலோசனை நேரத்துக்கு முன்கூட்டியே எழுதிவிட்டுப் போங்கள். கதவைத் தட்டிவிட்டு "சார், ஒரு நிமிஷம்" என்பது அங்கே எடுபடாது.

எழுத்து மையத்தை மட்டும் தவறவிடாதீர்கள். ஆய்வுக் கட்டுரை எப்படி அமைப்பது, மேற்கோள் எப்படிக் காட்டுவது என்று உட்காரவைத்துச் சொல்லித்தருவார்கள். தெரியாமல் செய்த மேற்கோள் பிழையும் அங்கே எழுத்துத் திருட்டாகக் கருதப்படலாம். ஃப்ராங்க்ஃபுர்ட் ஆன் டேர் ஓடர் நகரின் வியாட்ரினா பல்கலைக்கழகத்தில் 2010-இல் 'தள்ளிப்போட்ட கட்டுரைகளின் நீண்ட இரவு' என்று ஒரு நிகழ்ச்சி தொடங்கினார்கள். கட்டுரையை முடிக்காமல் இழுத்தடித்தவர்கள் எல்லாம் ராத்திரி முழுக்க ஒன்றாக உட்கார்ந்து எழுதுவார்கள், பக்கத்தில் ஆலோசகர்கள் இருப்பார்கள். பிறகு பல பல்கலைக்கழகங்கள் அதைப் பிடித்துக்கொண்டன. தள்ளிப்போடுவது நம் பரம்பரை வியாதி மட்டும் இல்லை என்று அதைப் பார்த்தபோதுதான் தெரிந்தது.

படி 4: தேர்வு

இங்கே கொஞ்சம் நின்று படியுங்கள்.

அரியர் என்ற சொல் நமக்குப் பழகியது. அரியர் வைத்துப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்ற நினைப்போடு ஜெர்மனிக்குப் போவது ஆபத்து. பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் ஒரு கட்டாயத் தேர்வை இரண்டு அல்லது மூன்று முறைதான் எழுதலாம். கடைசி வாய்ப்பிலும் தவறினால் 'இறுதியாகத் தேர்ச்சி பெறவில்லை' என்று முத்திரை விழும். பல்கலைக்கழகத்திலிருந்து பெயர் நீக்கப்படும். அதே பாடத்தை ஜெர்மனியில் வேறொரு பல்கலைக்கழகத்தில் தொடரும் வழியும் பொதுவாக அடைபடும். 'வேற யூனிவர்சிட்டிக்கு மாறிடு' என்ற அந்த சீனியருக்கு இது தெரிந்திருக்காது.

எனவே உங்கள் படிப்புக்கான தேர்வு விதிமுறையை முதல் மாதமே எடுத்துப் படியுங்கள். ஜெர்மனில் இருக்கும். மொழிபெயர்ப்புச் செயலியில் போட்டாவது பாருங்கள், புரியாத இடத்தைத் துறை ஆலோசகரிடம் கேளுங்கள். மூன்று விஷயம் அதில் தேட வேண்டும்: எத்தனை வாய்ப்பு, எந்தத் தேதிவரை பதிவை ரத்து செய்யலாம், உடம்பு சரியில்லை என்றால் எத்தனை நாளுக்குள் சான்று தர வேண்டும்.

கடைசியாகச் சொன்னதில்தான் எங்கள் ஜூனியர் மாட்டினான். சான்று 'தாமதமின்றி' போக வேண்டும் என்பது விதி. பல இடங்களில் அதற்கு மூன்று நாள் என்று பொருள். மருத்துவர் தரும் சாதாரண விடுப்புச் சீட்டு போதாமலும் போகலாம். தேர்வு எழுத முடியாத நிலை என்று மருத்துவர் நிரப்பித் தர வேண்டிய தனிப் படிவத்தைச் சில பல்கலைக்கழகங்கள் வைத்திருக்கின்றன. அதை இப்போதே அச்செடுத்து மேசை இழுப்பறையில் வைத்துக்கொள்ளுங்கள், காய்ச்சலோடு தேடிக்கொண்டிருக்க வேண்டாம்.

நீண்டகால நோய், உடற்குறை, டிஸ்லெக்ஸியா, மனச்சோர்வு என்று எதுவாக இருந்தாலும் தேர்வில் கூடுதல் நேரம், தனி அறை போன்ற ஈடுசெய்யும் ஏற்பாடு கேட்கலாம். அங்கே அதன் பெயர் நாஹ்டைல்ஸ்ஆவுஸ்க்லைஷ். வெளிநாட்டு மாணவர்களும் கேட்கலாம். பல்கலைக்கழகத்தில் இதற்கென்றே ஒரு பொறுப்பாளர் இருப்பார், சொன்னது வெளியே போகாது. தேர்வுக்குப் பின் கேட்டால் பயனில்லை, முன்பே மருத்துவச் சான்றோடு விண்ணப்பிக்க வேண்டும்.

பாதகமான முடிவோடு ஒரு கடிதம் வந்துவிட்டால் முதலில் அதன் கடைசிப் பத்தியைப் பாருங்கள். ஆட்சேபம் எழுதவா, நேரே நீதிமன்றம் போகவா, எத்தனை நாளுக்குள் என்று அங்கேதான் இருக்கும். பெரும்பாலும் ஒரு மாதம். அந்த ஆட்சேபத்துக்கு விடர்ஷ்ப்ருக் என்று பெயர். சாதாரண மின்னஞ்சல் செல்லாது; கையெழுத்திட்ட கடிதம் அந்த ஒரு மாதத்துக்குள் அவர்கள் கைக்குப் போய்ச் சேர வேண்டும். எழுதத் தெரியவில்லையே என்று காத்திருக்காதீர்கள். "இந்தத் தேதியிட்ட முடிவை ஆட்சேபிக்கிறேன், காரணங்களைப் பிறகு தருகிறேன்" என்று இரண்டு வரி போதும், தேதி காப்பாற்றப்பட்டுவிடும்.

எங்கள் ஜூனியர் திங்கட்கிழமை காலையிலேயே ஆஸ்டாவுக்குப் போனான். வழக்கறிஞர் சொன்னதும் இதே இரண்டு வரிதான். 29-ஆம் நாள் கடிதத்தை நேரில் கொண்டுபோய்க் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொண்டோம். மருத்துவர் தேதியோடு இன்னொரு விளக்கம் எழுதித் தந்தார். இரண்டு மாதம் கழித்து மறுபடி எழுத அனுமதி வந்தது.

படி 5: கை வறண்டால்

விசாவுக்காக முன்கூட்டியே பணம் போட்டு முடக்கி வைத்த வங்கிக் கணக்கிலிருந்து மாதம் 992 யூரோ வரும், வருடத்துக்கு 11,904. பெரிய நகரத்தில் வாடகை போனால் மீதி இழுபறிதான். செலவைக் குறைக்க மென்ஸா ஒரு பெரிய உதவி. மாணவர் விலை வெளி உணவகத்தில் பாதிகூட வராது, சைவமும் தினமும் உண்டு. உப்பு, காரம் பற்றி மட்டும் எதிர்பார்ப்பு வேண்டாம். ஊறுகாய் பாட்டிலோடு மென்ஸாவுக்குப் போகும் தமிழ்ப் பிள்ளைகளை எல்லா நகரத்திலும் பார்க்கலாம்.

வேலை செய்யலாம். 2024 மார்ச் முதல் வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் என்பது வரம்பு. பல்கலைக்கழகத்திலேயே செய்யும் உதவியாளர் வேலை, ஹிவி என்பார்கள், இந்த நாள் கணக்கில் சேராது. வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்தைத் தாண்டினால் காப்பீட்டில் மாணவர் தகுதி போய்விடக்கூடும். குறைந்தபட்சக் கூலி 2026 தொடக்கத்திலிருந்து மணிக்கு 13.90 யூரோ. அதற்குக் கீழே பேசுகிறவர், அது நம்மூர்க்காரர் நடத்தும் உணவகமானாலும், சட்டத்தை மீறுகிறார். சுயதொழிலாகப் பதிந்துகொண்டு வேலைக்கு வா என்று யாராவது சொன்னால், குடியேற்ற அலுவலகத்தின் அனுமதி இல்லாமல் செய்யாதீர்கள்.

அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, ஊரிலிருந்து பணம் வரவில்லை, ஹிவி ஒப்பந்தம் முடிந்துவிட்டது. இப்படி ஒரு மாதம் எல்லாருக்கும் வரக்கூடியதே. அப்போது கிரெடிட் கார்டையோ கைமாற்றையோ தேடுமுன் இந்த வரிசையில் போங்கள்.

முதலில் ஸ்டூடிரெண்டன்வெர்க்கின் சமூக ஆலோசகர். கையில் எதுவும் தர மாட்டார், ஆனால் அந்த நகரத்தில் யாரிடம் என்ன நிதி இருக்கிறது என்பது முழுக்கத் தெரிந்தவர் அவர்தான். சில இடங்களில் மென்ஸாவில் இலவசச் சாப்பாட்டுச் சீட்டு ஏற்பாடு செய்வார்கள். அடுத்து கே.ஹா.கே., ஈ.எஸ்.கே. ஆசியா, ஆப்பிரிக்கா, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து வந்து தங்கள் தவறில்லாமல் நெருக்கடியில் சிக்கிய மாணவர்களுக்கென்று இவர்களிடம் அவசர நிதி இருக்கிறது. என்ன மதம் என்பது தடையில்லை. கணக்கு அறிக்கை, வாடகை ஒப்பந்தம், மதிப்பெண் பட்டியல் கேட்பார்கள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து பொறுமையாகப் பேசுவார்கள். கடன் இல்லை, பெரும்பாலும் உதவித்தொகைதான். படிப்பின் கடைசிக் கட்டத்தில் இருப்பவர்களுக்கு டாட் என்கிற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் நிதியிலிருந்து, இன்டர்நேஷனல் ஆபீஸ் வழியாக, நிறைவு உதவித்தொகை கிடைக்கலாம். ஆஸ்டாவில் வட்டியில்லாச் சிறுகடன் இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

நெருக்கடிக்கு அப்பாற்பட்டு, நன்றாகப் படிப்பவர்கள் டாய்ச்லாண்ட்ஸ்டிபெண்டியத்துக்கு விண்ணப்பியுங்கள். மாதம் 300 யூரோ, பாதி அரசு, பாதி தனியார் கொடையாளர்; எந்த நாட்டவரும் போடலாம். பாஃபக் என்று ஜெர்மன் தோழர்கள் பேசிக்கொள்ளும் அரசு உதவி மட்டும் மாணவர் அனுமதியில் வந்த நமக்குப் பொதுவாகக் கிடையாது.

பணம் இல்லையென்று செமஸ்டர் தொகையையோ காப்பீட்டையோ கட்டாமல் விடாதீர்கள். இரண்டில் எது நின்றாலும் பல்கலைக்கழகம் பெயரை நீக்க முடியும், பெயர் போனால் விசாவும் ஆட்டம் காணும். காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தவணை கேளுங்கள், பெரும்பாலும் ஒப்புக்கொள்வார்கள்.

படி 6: மனசு சரியில்லாதபோது

நவம்பரில் நான்கரை மணிக்கே இருட்டிவிடும். அறையில் தனியாக, ஊரில் எல்லாரும் தூங்கிவிட்ட நேரத்தில், சின்ன விஷயமும் பெரிதாகத் தெரியும். வீட்டில் கேட்டால் "நல்லா இருக்கேன்மா" என்பதுதான் பதில். நாமெல்லாம் அதைச் சொல்லியிருக்கிறோம்.

ஸ்டூடிரெண்டன்வெர்க்கின் மனநல ஆலோசனை இலவசம், ரகசியம். பல நகரங்களில் ஆங்கிலத்தில் பேசலாம். பேராசிரியருக்கோ குடியேற்ற அலுவலகத்துக்கோ காப்பீட்டுக்கோ தகவல் போகாது. சில அமர்வுகள் பேசிய பிறகு நீண்ட சிகிச்சை தேவை என்று தோன்றினால் வழி சொல்வார்கள். அரசுசார் காப்பீடு உளச்சிகிச்சைச் செலவை ஏற்கும், ஆனால் இடம் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும். முதல் சந்திப்புக்கு 116117 என்ற எண்ணில் நேரம் கேட்கலாம். இரவிலும் வார இறுதியிலும் மருத்துவர் தேவைப்பட்டாலும் இதே எண்தான். தாங்க முடியாத இரவுகளுக்கு டெலிஃபோன்ஸேல்ஸோர்கே என்கிற தொலைபேசி ஆலோசனை: 0800 1110111. நாள் முழுக்க எடுப்பார்கள், கட்டணம் இல்லை. உயிருக்கு ஆபத்து என்றால் 112.

பாலியல் தொல்லை, இனப் பாகுபாடு என்று எதுவானாலும் பல்கலைக்கழகத்தின் சமத்துவ அலுவலரிடமோ பாகுபாட்டுக்கு எதிரான ஆலோசனை இடத்துக்கோ போகலாம். முதலில் போய்ப் பேசுவதாலேயே புகார் பதிவாகிவிடாது; மேலே என்ன செய்வது என்பது உங்கள் முடிவு.

படி 7: அனுமதியும், படிப்பு முடிந்த பிறகும்

தங்கும் அனுமதி முடிவதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே நீட்டிப்புக்கு விண்ணப்பித்துவிடுங்கள். முடிவதற்குள் விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டால், அலுவலகம் எவ்வளவு தாமதித்தாலும் பழைய உரிமைகள் தொடரும். அதற்கு ஃபிக்ட்ஸியோன்ஸ்பெஷைனிகுங் என்று ஒரு தாள் தருவார்கள். விண்ணப்பித்த நகலையும் தேதியையும் பத்திரப்படுத்துங்கள். பாடம் மாற, ஒரு பருவம் விடுப்பு எடுக்க, படிப்பை நிறுத்த என்று எதை யோசித்தாலும், பல்கலைக்கழகத்தில் படிவம் கொடுக்குமுன் இன்டர்நேஷனல் ஆபீஸில் பேசுங்கள். அனுமதி குறிப்பிட்ட படிப்போடு கட்டப்பட்டிருக்கிறது.

பட்டம் வாங்கிய பின் வேலை தேட 18 மாதம் வரை அனுமதி கேட்கலாம். அதற்குள் பல்கலைக்கழகத்தின் வேலைவாய்ப்பு மையத்தில் விண்ணப்பத்தைத் திருத்தி வாங்கிக்கொள்ளுங்கள். பட்டம் பெற்ற பின்னும் கொஞ்ச காலம் உதவுகிற மையங்கள் உண்டு.

ஊருக்கே திரும்புகிறீர்கள் என்றால் முகவரிப் பதிவை நீக்குங்கள், காப்பீட்டையும் ஒலிபரப்புக் கட்டணத்தையும் எழுதி நிறுத்துங்கள். வங்கிக் கணக்கை மட்டும் அவசரப்பட்டு மூடாதீர்கள். விடுதி முன்பணம் அறையைக் காலி செய்து சில வாரம், சில மாதம் கழித்துத்தான் அந்தக் கணக்குக்கு வரும்.